மடியில் தூங்கும் சேவல், மகளை ஏன் துரத்துகிறது?

கேள்வி: தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோன பிறகு மிஞ்சிய ஒற்றைக் குஞ்சை, அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வீட்டுக்குள்ளேயே வளர்த்தோம். இப்போது ஏழு மாதச் சேவல், சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகை. கூப்பிட்டால் ஓடிவந்து மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் கொஞ்ச நாளாக என் ஆறு வயது மகளைத் துரத்திக் கொத்துகிறது. ஒரு இறக்கையைத் தரையில் உரசியபடி என்னையே சுற்றிச் சுற்றி ஆடுகிறது. நான்கு பெட்டைகளில் ஒன்றுக்கு முதுகு மொட்டையாகிவிட்டது. அறுக்க மனசில்லை. என்ன செய்வது?

பதில்: அறுக்க வேண்டியதில்லை. ஆனால் இப்படியே விடவும் கூடாது.

பொரித்த ஓரிரு நாளில் எது கண்முன் நடமாடுகிறதோ அதையே குஞ்சு தாயாக நினைத்து ஒட்டிக்கொள்ளும். கூடப்பிறந்ததுகளும் இல்லாததால், உங்கள் சேவலுக்கு மனிதர்கள்தான் சொந்த இனம். அதன் பாசம் நிஜம்தான். ஆனால் மனிதரிடம் பயமே இல்லாததால்தான் அது உங்கள் மடியில் ஏறுகிறது. உங்கள் மகள் மேல் பாய்வதும் அதனால்தான். ஐந்தாறு மாதத்தில் பருவத்துக்கு வந்ததும் அதற்கு நீங்கள் தாய் இல்லை. ஒன்று பெட்டை, இல்லையென்றால் எதிரிச் சேவல். இறக்கையை உரசும் ஆட்டத்தை அது பெட்டையை அணைவதற்கு முன்பும் ஆடும், இன்னொரு சேவலைச் சண்டைக்கு இழுக்கவும் ஆடும். வேடிக்கையாக இருக்கிறதென்று கையை நீட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். அடுத்து பாதத்தில் ஏறும், பிறகு கொத்தும்.

மகள் குள்ளம், கத்துவாள், ஓடுவாள். சேவல் கணக்கில் அது தோற்று ஓடும் எதிரி. ஒவ்வொரு முறை அவள் ஓடும்போதும் அது ஜெயிக்கிறது. ஆகவே சில வாரங்களுக்கு அவளைத் தனியாகக் கொல்லைக்கு அனுப்பாதீர்கள். கால்முள் இப்போது வெறும் மொட்டுதான், போகப்போக நீண்டு கூராகும். சேவல் பாய்ந்தால் குழந்தையின் முகம் வரை எட்டும்.

உங்களை நோக்கி வந்தால் பின்வாங்காதீர்கள், உதைக்காதீர்கள், விளக்குமாற்றையும் எடுக்காதீர்கள். அடித்தால் சண்டை தொடங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ளும், நாளைக்கும் வரும். நிதானமாக அதை நோக்கியே நடங்கள். விலகிப்போய், ஒன்றுமே நடக்காததுபோல மண்ணைக் கொத்த ஆரம்பித்தால் விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். மீறிப் பாய்ந்தால் தூக்கி, இறக்கைகள் அடங்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். திமிறுவது நின்று கழுத்து தளர்ந்த பிறகுதான் இறக்க வேண்டும். திமிறும்போதே இறக்கினால் அதற்குத்தான் வெற்றி.

கொஞ்சுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அது ஏறும்போது இறக்கிவிடுங்கள். நீங்கள் நினைக்கும்போது எடுத்துத் தாடிக்குக் கீழே, மார்பில் வருடிக்கொடுங்கள். அதன் கண்முன் பெட்டைகளைத் தூக்காதீர்கள். ராத்தூக்கம் இனி வீட்டுக்குள் வேண்டாம். இருட்டியபின் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் பெட்டைகள் அடைந்திருக்கும் கட்டையில் கொண்டுபோய் உட்காரவைத்தால் சண்டையில்லாமல் சேர்ந்துகொள்ளும். தீனியைக் கையில் ஊட்டாமல் பெட்டைகளுக்கு நடுவில் வீசுங்கள். ஒரு தானியத்தை எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, ‘கொக் கொக்’ என்று பெட்டைகளை அழைக்க ஆரம்பித்தால் சேவல் வழிக்கு வந்துவிட்டது. மகளும் உங்கள் பக்கத்தில் நின்று, தூரத்திலிருந்து அப்படியே வீசிப் பழகலாம்.

மொட்டை முதுகுக்குக் காரணம் எண்ணிக்கை. ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டையாவது வேண்டும். குறைந்தால் பிடித்த ஒன்றையே மிதித்துத் தீர்க்கும். அந்தப் பெட்டையை இறகு முளைக்கும்வரை தனியாக வையுங்கள், பகலில் பஞ்சாரத்தில் போட்டாலும் சரி. இன்னும் நாலைந்து விடைகளை, அதாவது இளம் பெட்டைகளை, வாங்கினால், இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து நோயில்லை என்று பார்த்தபின் சேருங்கள். சேவலின் நகம், முள் நுனியை அரம்போட்டு மழுக்கலாம். முள்ளுக்குள் ரத்த ஓட்டம் உண்டு, வெட்டாதீர்கள்.

தீவனத்தையும் கவனியுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். முட்டையிடாத சேவலுக்கு அது அதிகம், நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தோடு கம்பு, சோளம் கொடுத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். பெட்டைகள் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் வளர்ந்ததென்று வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடாமல் விட்டிருந்தால் உடனே கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மடியில் ஏறும் பறவை என்பதால் ஆசனவாயைச் சுற்றிப் பேன், செள் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை இறகை விலக்கிப் பாருங்கள். சாம்பல் கலந்த மண்குழி ஒன்று இருந்தால் பாதித் தொல்லை போய்விடும். மகள் அதற்கு முத்தம் கொடுக்கவேண்டாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமான கோழியிடமும் இருக்கும்.

இவ்வளவும் செய்து இரண்டு மாதம் கழித்தும் குழந்தையின் முகத்துக்கே பாய்ந்தால், சின்னப் பிள்ளைகள் இல்லாத, பெட்டைகள் நிறைய உள்ள தோட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அப்படிப்பட்ட சேவலோடு சேர்ந்த பெட்டைகளின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், குணமும் ஓரளவு குஞ்சுக்கு வரும். ‘முரட்டுச் சேவலா, நல்ல விலை தருகிறேன்’ என்று கட்டுக்கு, அதாவது சேவல் சண்டைக்கு, கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.