வயதானவர்களின் அன்றாட வேலைகளுக்கு ரோபோ உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் குளிப்பாட்ட, உடுத்திவிட, ஊட்ட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரோபோ என்றால், இப்போதைக்கு இல்லை.

பக்கவாதம் வந்த அப்பாவை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டவன் நான். சட்டை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அசைக்க வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதுதான் கடைசி. இது பிடிபடவே எனக்கு ஒரு வாரம் ஆனது. முழங்கை துணியில் சிக்கினால் அப்பா வாய் திறக்கமாட்டார், புருவம் மட்டும் லேசாகச் சுருங்கும். அதைப் பார்த்துத்தான் கையை நிறுத்துவேன். துணியோ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி மடங்கும். ரோபோ திணறுவது இங்கேதான்.

தூக்கி உட்காரவைப்பதும் லேசில்லை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-ல் ரோபேர் என்று கரடி முகம் வைத்த ரோபோ ஒன்றைக் காட்டியது. படுத்திருப்பவரை அப்படியே அள்ளிச் சக்கர நாற்காலியில் வைக்கும். அதன் எடை 140 கிலோ! படம் எல்லா இடத்திலும் வந்தது, ரோபோதான் வீடுகளுக்கு வரவில்லை. பானசோனிக் வேறு மாதிரி யோசித்தது. அவர்கள் செய்த கட்டிலில் ஒரு பாதி தனியாகப் பிரிந்து, அதுவே சக்கர நாற்காலி ஆகிவிடும். ஆளைத் தூக்கவே வேண்டாம். பார்க்க ரோபோ மாதிரியே இருக்காது, ஆனால் என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம் சாப்பாடு. செகாம் நிறுவனம் 2002-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'மை ஸ்பூன்' ஒரு சின்ன இயந்திரக் கை. ஜாய்ஸ்டிக்கைத் தாடையால்கூட அசைக்கலாம். தட்டில் நான்கு பிரிவுகள், அடுத்து எதிலிருந்து எடுப்பது என்று சாப்பிடுபவரே சொல்லலாம். கரண்டி வாய்க்கு முன்னால் வந்து நின்று காத்திருக்கும். நான் அப்பாவுக்கு ஊட்டியபோது காத்திருந்ததில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அடுத்த வாயைத் திணிப்பேன், பாதியிலேயே 'போதும்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பசி அடங்கித்தான் சொன்னாரா என்பது இப்போதும் சந்தேகம்தான்.

எதையும் வாங்கும் முன், எந்த வேலைக்கு அடுத்தவரைக் கூப்பிடத்தான் ரொம்பச் சங்கடமாக இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவரிடமே கேளுங்கள். குளியல் என்பார் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் அப்பாவிடம் கேட்டேன். கீழே விழும் டிவி ரிமோட்டை எடுத்துத் தரச் சொல்வதுதான் என்றார். சரி என்று நீளக் கைப்பிடி வைத்த ஓர் இடுக்கி வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த இடுக்கியை யாரையும் தொடவிடமாட்டார்.