ஓசோன் பட்டால் கிராஃபீன் சென்சாரின் உணர்திறன் கூடுமா?

கேள்வி: முதுநிலைத் திட்டப்பணிக்காக ஓரணுத் தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீனைக் கொண்டு நைட்ரஜன் டை ஆக்சைடை உணரும் சென்சார் செய்கிறேன். மேற்பரப்பில் ஓசோன் படவிட்டால் உணர்திறன் கூடும் என்கிறார்கள். எத்தனை நிமிடம் வைக்கலாம்?

கூடும். ஆனால் நிமிடக் கணக்குக்குப் போகும் முன் உங்கள் சென்சார் இப்போது சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். இதை அவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

ஆய்வு மாணவனாக நான் செய்த முதல் சென்சார் அருமையாக வேலை செய்தது. செப்புத் தகட்டில் வளர்த்த கிராஃபீன் மீது பி.எம்.எம்.ஏ. என்னும் அக்ரிலிக்கைப் பூசி, அம்மோனியம் பெர்சல்ஃபேட் கரைசலில் மிதக்கவிடுவோம். செம்பு கரையக் கரையக் கரைசல் இளநீலமாகும். கடைசியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம் மிஞ்சும். அதைச் சிலிக்கான் சில்லில் ஏந்தியெடுத்து, அக்ரிலிக்கை அசிட்டோனில் கரைத்துவிட்டால் கிராஃபீன் மட்டும் தங்கும். அது மட்டும்தான் தங்குகிறது என்று நான் நம்பிவிட்டேன். பிறகு ஹைட்ரஜனும் ஆர்கானும் ஓடும் உலையில் 400 டிகிரி செல்சியஸில் சூடேற்றி எடுத்து, அதே வாயுவைச் செலுத்தியபோது பதில் பெரிதும் சுருங்கிப்போயிருந்தது. அதுவரை வாயுவைப் பிடித்துக் கொடுத்ததில் பெரும்பங்கு ஒட்டியிருந்த அக்ரிலிக் எச்சத்தினுடையது!

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இலேயே இதைக் காட்டியிருந்தார்கள். எச்சத்தை நீக்கியதும் ஆவிகளுக்கு அவர்களுடைய கிராஃபீன் தந்த பதில் பத்து மடங்குக்கும் மேலாகக் குறைந்தது. முன்பே படித்திருந்தால் பல மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

சுத்தமான கிராஃபீன் ஏன் இப்படி அடங்கிப்போகிறது? அதன் பரப்பில் கார்பன் அணுக்கள் பக்கத்து அணுக்களுடன் நிறைவாகப் பிணைந்து கிடக்கின்றன. வருகிற மூலக்கூறு பற்றிக்கொள்ளப் பிடிமானம் இல்லை. நைட்ரஜன் டை ஆக்சைடு எலெக்ட்ரானை இழுத்துக்கொள்ளும் வாயு. காற்றில் இருக்கும் கிராஃபீனில் பெரும்பாலும் துளைகளே (எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) மின்னூட்டம் சுமப்பதால், துளைகள் பெருகி மின்தடை இறங்கும். அம்மோனியா எலெக்ட்ரான் தருவதால் தடை ஏறும். ஓசோன் செய்வது பிடிமானம் உண்டாக்குகிற வேலை: ஆக்சிஜன் கொண்ட தொகுதிகளைப் பரப்பில் ஆங்காங்கே ஒட்டவைக்கிறது.

பிடித்ததை விடவும் வேண்டுமே! என் சென்சாரில் வாயு பட்டவுடன் மின்தடைக் கோடு சரசரவென்று இறங்கும். குழாயை மூடிச் சுத்தமான காற்றைத் திறந்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதி வழிகூடத் திரும்பியிருக்காது. ஒற்றை மூலக்கூறையும் கிராஃபீன் உணரும் என்று 2007இல் காட்டிய மான்செஸ்டர் குழுவினரே, பழைய நிலைக்குக் கொண்டுவர வெற்றிடத்தில் 150 டிகிரி வரை சூடேற்ற வேண்டியிருந்தது. ஓசோன் கூடக்கூட இந்தச் சிக்கலும் கூடும். ஆகவே உணர்திறனை மட்டும் எழுதிவைக்காமல் மீள எடுக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். என் கணக்கில் இரண்டும் சமம்.

எத்தனை நிமிடம் என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் எண் கிடையாது. ஓசோனை உண்டாக்கும் புற ஊதா விளக்கின் திறனும் தூரமும் இடத்துக்கு இடம் மாறும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் மின்தடையை அளந்து, ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறுவதைப் பதிவுசெய்யும் வரைபடம்) 1350 செ.மீ⁻¹க்கு அருகிலுள்ள, பரப்பின் குறைகளைக் காட்டும் டி முகட்டைப் பாருங்கள். அது மெல்லத் தலைகாட்டினால் போதும். கிராஃபீனின் வழக்கமான ஜி முகட்டுக்கு நிகராக எழும்பிவிட்டால் பரப்பு மிகவும் சிதைந்திருக்கும், இரைச்சலும் கூடும். இலக்கு ஹைட்ரஜன் என்றால் ஓசோனை விட்டுவிட்டுப் பல்லேடியம் நுண்துகள்களைத் தூவுங்கள். ஹைட்ரஜனை உறிஞ்சுவது பல்லேடியத்தின் இயல்பு.

சோதிக்கும் செறிவையும் கவனியுங்கள். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு உலக சுகாதார அமைப்பு 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது நூறு கோடியில் ஏறக்குறைய 5 பங்கு. பத்து லட்சத்தில் நூறு பங்கு செலுத்திப் பெரிய இறக்கத்தைக் காட்டினால் தெருக்காற்றைப் பற்றி அது எதையும் சொல்லாது.

ஈரம் இன்னொரு தொல்லை. ஓசோன் தந்த அதே தொகுதிகள் நீராவியையும் இழுக்கும். வாயுவே கலக்காத ஈரக்காற்றை ஒருநாள் முழுக்கச் செலுத்தி, கோடு எப்படி அலைகிறது என்று பதிவுசெய்யுங்கள். அந்தப் பதிவு கையில் வந்த பிறகு ஓசோன் விளக்கைப் போடுங்கள்.