ஃபாபர்ஜே பெயரிட்ட வெள்ளிக் கிண்ணம்: 4,200 பவுண்டு கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் ருஷ்ய வெள்ளிச் சர்க்கரைக் கிண்ணம் ஒன்றைப் பார்த்தேன். கூடைக்கு இருப்பதுபோல் அசையும் கைப்பிடி; எடை 186 கிராம். அடியில் வலப்பக்கம் பார்க்கும் பெண் தலை, அதனுடன் சிறு முக்கோணம், 84 என்ற எண், இரட்டைத் தலைக் கழுகின் கீழே ருஷ்ய எழுத்தில் ஒரு பெயர். அது ஃபாபர்ஜே என்ற புகழ்பெற்ற ருஷ்ய நகை நிறுவனத்தின் பெயர், 1890-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அவர்கள் செய்தது என்கிறார் கடைக்காரர். விலை 4,200 பவுண்டு. மகளின் கல்லூரிக்காகச் சேர்த்த பணத்தை எடுத்து இதை வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து விற்கலாமா?

பதில்: மகளின் கல்லூரிப் பணத்தைத் தொடாதீர்கள். கிண்ணம் அசலாகவே இருந்தாலும் என் பதில் இதுதான். கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் வாங்க ஆள் வருவார் என்று யாரும் உறுதி தர முடியாது. ஏல நிறுவனம் மூலம் விற்றால் அதன் கமிஷனும் உங்கள் பங்கிலிருந்துதான் போகும்.

வேறு சேமிப்பு இருந்து, ஆசையும் இருந்தால், கிண்ணத்தை முறையாகப் பார்ப்போம். ருஷ்யாவில் அப்போது தூய வெள்ளிக்கு 96 ஸோலோட்னிக் (பழைய ருஷ்ய எடை அலகு) கணக்கு. 84 என்றால் 96-இல் 84 பங்கு, அதாவது ஆயிரத்துக்கு 875 மாற்று. 186 கிராமில் தூய வெள்ளி ஏறத்தாழ 163 கிராம். இன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். வேறு எது பொய்த்தாலும் அந்தத் தொகை உங்கள் கையில் நிற்கும். 4,200 பவுண்டில் மீதி முழுவதும் அந்தப் பெயருக்காகக் கேட்கும் விலை.

கடைக்காரர் சொல்லும் ஆண்டு தவறு. கொக்கோஷ்னிக் என்னும் தலையணி சூடிய பெண் தலை முத்திரை 1899-இல்தான் வந்தது. முதலில் அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் திரும்பியது 1908-இல். 1890-இல் செய்த பொருளில் நகரச் சின்னம் இருந்திருக்கும்: மாஸ்கோவுக்கு டிராகனை ஈட்டியால் குத்தும் புனித ஜார்ஜ், பீட்டர்ஸ்பர்க்குக்குச் செங்கோலும் குறுக்காக வைத்த இரு நங்கூரங்களும். ஊரும் தவறு. நீங்கள் கண்ட முக்கோணம் டெல்டா என்ற கிரேக்க எழுத்து. 1908-க்குப் பின் அது மாஸ்கோவைக் குறித்தது. பீட்டர்ஸ்பர்க்குக்கு ஆல்ஃபா.

ஆனால் கடைக்காரர் தவறாகச் சொன்னார் என்பதற்காகக் கிண்ணத்தைப் போலி என்று தள்ளிவிட முடியாது. கழுகின் கீழே முழுப்பெயரைப் பொறிப்பது ஃபாபர்ஜேயின் மாஸ்கோ வழக்கம். பீட்டர்ஸ்பர்க் பொருள்களில் பெர்கின், விக்ஸ்ட்ரோம் போன்ற பட்டறைத் தலைவர்களின் பெயரெழுத்துகளைப் பார்க்கலாம். ஆக வலப்பக்கத் தலை, டெல்டா, கழுகு, முழுப்பெயர் நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 1908-க்கும் நிறுவனம் அரசுடைமையான 1918-க்கும் இடையே மாஸ்கோவில் செய்த கிண்ணம் என்று அவை சேர்ந்து சாட்சி சொல்கின்றன. எனக்கு இது நல்ல அறிகுறியாகவே படுகிறது. ஆனால் தேர்ந்த போலிக்காரனும் இதையெல்லாம் படித்திருப்பான்.

எனவே பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அசல் முத்திரை எஃகு அச்சால் அடித்தது: எழுத்தின் ஓரம் கூராக இருக்கும், குழியின் தளம் வழவழப்பாக இருக்கும், மெல்லிய தகடானால் மறுபக்கத்தில் லேசான புடைப்பும் தெரியலாம். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் ஓரங்கள் உருகிய மெழுகுபோல் மழுங்கியிருக்கும். எழுத்தின் நடுவே ஊசிமுனை அளவு துளைகள் இருக்கும். அடுத்து கைப்பிடியைப் பாருங்கள். தனியாகச் செய்து பொருத்திய உறுப்புகளிலும் சிறு சோதனை முத்திரை அடிப்பது வழக்கம். பிறகு தேய்மானம். பல ஆண்டுகள் மேசையில் உராய்ந்த அடிப்பாகத்தில் முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோல் பளிச்சென்று இருந்தால், அது பிற்காலத்தில் சாதாரண வெள்ளிப் பாத்திரத்தில் ஏற்றிய முத்திரையாக இருக்கலாம். ருஷ்ய வெள்ளியில் அடிக்கடி நடக்கும் மோசடி இது. உலோகச் சோதனை இங்கே உதவாது. கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் உள்ள லண்டன் அசே ஆபீஸ் (உலோகத்தின் மாற்றைச் சோதிக்கும் அலுவலகம்) 875 மாற்று என்றே சொல்லும். பாத்திரம் நல்ல வெள்ளிதான், பெயர்தானே பொய்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாசகர் தேக்கரண்டி ஒன்றின் படம் அனுப்பியிருந்தார். பெண் தலை அழகாக இருந்தது. பக்கத்திலேயே 1882 என்று ஆண்டு. அந்த முத்திரை பிறப்பதற்குப் பதினேழு ஆண்டு முன்பே கரண்டியில் ஏறிவிட்டது! மகனின் திருமணப் பரிசாக அதை வாங்கியிருந்தார். பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கிண்ணம் லென்ஸ் சோதனையில் தேறினால், ருஷ்ய வெள்ளிக்குத் தனி நிபுணர் உள்ள ஏல நிறுவனம் ஒன்றுக்குப் படங்களை அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். கடைக்காரரிடம் "ஃபாபர்ஜே, மாஸ்கோ, 1908–1917" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். நிபுணர் மறுத்தால் முழுப்பணம் திருப்பித் தரப்படும் என்ற வரியும் வேண்டும். "ஃபாபர்ஜே பாணி" என்று எழுதித் தருகிறேன் என்றால், வெள்ளி எடைக்கு மேல் கொஞ்சம் வேலைப்பாட்டுக் கூலி சேர்த்து விலை பேசுங்கள். எதையும் எழுத மறுத்தால் வந்துவிடுங்கள். அடுத்த முறை போகும்போது கைப்பிடியின் உட்புறத்தை முதலில் படம் எடுங்கள். எனக்கும் அனுப்பி வையுங்கள்.