ஆரோக்கியப்பச்சைப் பொடி அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

அப்பாவின் சர்க்கரைக்கு, "காணிகள் தலைமுறையாகச் சாப்பிட்ட இலை" என்று ஒருவர் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் பொடி விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். அகத்தியமலையின் காணிப் பழங்குடியினர் காட்டில் நடக்கும்போது களைப்புத் தெரியாமலிருக்கத் தின்றது அதன் காயை. இலையை அல்ல, சர்க்கரைக்காகவும் அல்ல. 1987-ல் வழிகாட்டியாகப் போன காணிகள் சொல்லித்தான் ஆய்வாளர்களுக்கே இது தெரியும். அப்புறம் திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் இதிலிருந்து உருவாக்கிய 'ஜீவனி' மருந்தில் இலை இருந்தது உண்மைதான்; கூடவே அமுக்கரா உட்பட வேறு மூன்று மூலிகைகளும் இருந்தன. அதுவும் சோர்வுக்கான மருந்து. (அதைத் தயாரிக்கும் உரிமத்துக்குக் கிடைக்கும் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். இந்த வியாபாரி எவ்வளவு கொடுக்கிறாராம்?) பொடியான பிறகு எந்தச் செடி என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஏற்கெனவே வாங்கியாச்சு என்றால், பாக்கெட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவின் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.