படுக்கப்போகும்போது நாலு துண்டு கரி

கேள்வி: இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம் ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கூடத்தில் இரும்பு விறகு அடுப்பு. கொட்டகையில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன நிலக்கரி இரண்டு மூட்டை கிடக்கிறது. விறகு சீக்கிரம் தீர்ந்து, விடியற்காலையில் வீடு சில்லிட்டுப் போகிறது. படுக்கப்போகும்போது நாலு துண்டு கரி போட்டால் காலைவரை கங்கு இருக்கும் என்கிறார் கணவர். ஊரில் கரி அடுப்பு பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம், போடலாமா?

பதில்: போடாதீர்கள், சகோதரி. ஊரில் நாம் எரித்தது மரக்கரி, அதில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். நிலக்கரி வேறு சரக்கு.

அடுப்பு ஆறியிருக்கும்போது திறந்து அடியைப் பாருங்கள். வெறும் தட்டையான அடி, அதன்மேல் சாம்பல் என்றால் அது விறகுக்கு மட்டும் செய்தது. விறகு சாம்பல் மெத்தைமேல் கிடந்து மேலிருந்து வரும் காற்றிலேயே நன்றாக எரியும், நிலக்கரிக்கோ கம்பித்தட்டு வழியாக அடியிலிருந்து காற்று ஏற வேண்டும், இல்லையென்றால் அரைகுறையாகப் புழுங்கி கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சரி, எப்படியோ நன்றாகப் பிடித்துக்கொண்டது என்றாலும் விறகைவிடச் சூடு அதிகம், உள்தகடு வளைந்துவிடும், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

கம்பித்தட்டு இருந்தாலும் புகைபோக்கியைக் கவனிக்க வேண்டும். விறகுக்கென்று இறக்கிய மெல்லிய ஸ்டீல் குழாயாக இருந்தால், நிலக்கரியின் கந்தகமும் ஈரமும் சேர்ந்து அமிலமாகி அதை அரித்து ஓட்டையாக்கிவிடும். விறகோடு கலந்து போட்டால் இன்னும் மோசம், விறகின் ஈரமும் அதில் சேர்கிறது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது அந்த 'படுக்கப்போகும்போது'தான். கங்கு நிற்க வேண்டும் என்று காற்றுவழியைக் குறைப்பார்கள், புகைபோக்கி ஆறி இழுவையும் குறையும், வாயு அறைக்குள் திரும்பும், எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விறகு, நிலக்கரி எரிக்கும் அடுப்பு உள்ள வாடகை அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது 2015 முதல் அங்கே வீட்டுக்காரரின் சட்டப் பொறுப்பு. இன்றைக்கே அதை அழுத்திப் பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் குழந்தைகளோடு வெளியே போய் 999ஐ அழையுங்கள்.

அந்த மூட்டைகளை என்ன செய்வதென்று உள்ளூர் கவுன்சிலைக் கேளுங்கள். புகை கக்கும் அந்த வகை நிலக்கரியை வீடுகளுக்கு விற்பதையே 2023 மே மாதத்தோடு இங்கிலாந்தில் நிறுத்திவிட்டார்கள். விறகு வாங்கும்போது ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், ஓக் போன்ற கெட்டி மரம் நின்று எரியும். கடையில் விற்கும் புகையில்லாக் கரி உருண்டைகள்கூட விறகு, நிலக்கரி இரண்டுக்கும் செய்த அடுப்புக்குத்தான், அதனால் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வரும்போது அடுப்பையும் குழாயையும் காட்டிக் கேட்காமல் அதையும் வாங்க வேண்டாம்.