கோவைக்குக் கரண்ட் வந்த கதையும், நடுவில் போன கதையும்

கேள்வி இதுதான்: வளரும் நகரத்தில் அரசு உள்கட்டமைப்புக்குக் கோடிக்கணக்கில் கொட்டுவதால் உண்மையிலேயே தொழில் வளர்கிறதா, இல்லை காண்ட்ராக்டருக்கு மட்டும்தான் லாபமா?

வளர்கிறது. நான் கோயம்புத்தூர்க்காரன், இங்கே கணபதி என்கிற பகுதியில் எங்கள் அப்பா லேத் (இரும்பைக் கடையும் மெஷின்) பட்டறை வைத்திருந்தார், இப்போது நான் நடத்துகிறேன். அதனால் எனக்குத் தெரிந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

கோவை ஏன் தொழில் நகரம் என்று கேட்டால் பாதிப் பேர் தண்ணீர், க்ளைமேட், உழைப்பு என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் 1930க்கு முன்பும் அந்த உழைப்பு இங்கேதான் இருந்தது, கரிசல் மண்ணில் பருத்தியும் விளைந்தது, மில்கள் மட்டும் கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. நிலக்கரி பக்கத்தில் எங்கும் கிடையாது, அத்தனை தூரத்திலிருந்து கொண்டுவந்து எரித்துத்தான் நீராவி எஞ்சினை ஓட்ட வேண்டும். அதை மாற்றியது பைக்காரா. நீலகிரியில் ஓடும் அந்த ஆற்றின் தண்ணீரைக் குழாய் வழியாக மூவாயிரம் அடிக்கு மேல் கீழே இறக்கி, சிங்காராவில் மின் நிலையம் கட்டினார்கள். அன்றைய சென்னை மாகாண அரசின் பணம். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம் அது, 1932-ல் கரண்ட் வந்தது. அடுத்த சில வருடங்களில் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் மில்கள் வரிசையாக எழும்பின.

மில் வந்ததை விட, அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மில் இருந்தால் மெஷின் ரிப்பேர் வரும், ரிப்பேருக்கு வார்ப்படம் வேண்டும், அதற்கு ஃபவுண்டரி வரும், அப்புறம் அதே ஃபவுண்டரியில் மோட்டாரின் உடலையும் வார்க்கலாம். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். மோட்டாரோடு பம்பு சேர்ந்தது, தோட்டத்துக் கிணறுகளில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த மாடுகளுக்கு வேலை போனது, பம்புசெட் என்றாலே கோவை என்றானது. பிறகு அதே மோட்டார் ஆட்டுக்கல்லுக்கு அடியில் போய் வெட் கிரைண்டர் ஆனது, இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பைக்காராவில் குழாய் பதித்த எஞ்சினியர் யாரும் இட்லி மாவை நினைத்திருக்க மாட்டார். நல்ல பொது முதலீடு இருக்கிற தொழிலுக்கு உதவுவதோடு நிற்பதில்லை, யாரும் யோசித்தே பார்க்காத தொழிலுக்கும் இடம் உண்டாக்கிக் கொடுக்கிறது.

சரி, செலவழிக்காமல் விட்டால்? அதையும் நான் கண்ணால் பார்த்தேன். 2008-ல் ஆரம்பித்த மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது, சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். பம்பு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஜாப் வீண், டூல் உடைந்தால் அதுவும் நம் தலையில். ஃபவுண்டரிக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம், உருகிய இரும்பு உலையிலேயே இறுகினால் என்ன செய்வது? அப்பா கடன் வாங்கி ஜெனரேட்டர் போட்டார், டீசல் செலவில் யூனிட்டுக்கு இரண்டு மடங்குக்கு மேல் விழுந்தது, ஆனால் ஜாப் ஒர்க் கூலி பழைய கூலிதான். ஒரிசாவிலிருந்து வந்திருந்த இரண்டு பையன்கள் ஊருக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று பட்டறை மூடினார்கள்.

ஏன் இப்படி ஆனது? ஊர் வளர்ந்த வேகத்துக்கு மின் நிலையம் வளரவில்லை. காற்றாலை மின்சாரம் காற்றடிக்கும் மாதங்களில் மட்டும்தான் நிறைய வரும். வட மாநிலங்களில் வாங்கலாம் என்றால் கொண்டுவரப் போதுமான லைன் கிடையாது. 2013 டிசம்பர் 31-ல்தான் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கேவி லைன் மூலம் தென்னக கிரிட், அதாவது தென் மாநிலங்களின் மின்கம்பி வலை, தேசிய கிரிட்டோடு இணைந்தது. வள்ளூர், வடசென்னை, மேட்டூரில் புது அனல் மின் யூனிட்டுகளும் அந்தக் காலத்தில்தான் ஓட ஆரம்பித்தன. கர்நாடகாவுக்கும் மகாராஷ்டிராவுக்கும் நடுவில் போகிற கம்பிக்கும் கணபதியில் ஓடும் லேத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 2015-க்குள் மின்வெட்டு ஏறக்குறைய நின்றது.

அதனால், எந்தத் திட்டம் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: சொந்தப் பணத்தில் தனித்தனியாகச் செய்தால் யாருக்குமே கட்டுப்படியாகாத ஒரு செலவை இது எல்லாருக்கும் சேர்த்துக் குறைக்கிறதா? 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள், ஜி.டி. நாயுடு பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான், ஏர்போர்ட்டுக்குப் போகிற கஸ்டமருக்கு நேரம் மிச்சம். ஆனால் என் கையில் அதே பணம் இருந்தால் சப் ஸ்டேஷன், பட்டறைத் தெருக்களின் சாக்கடை, மழைநீர் வடிகால் இதற்குத்தான் முதலில் கொடுப்பேன். இவற்றுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது, அதனாலேயே தள்ளிப் போகின்றன, ஆனால் ஐந்து பேர் வேலை செய்கிற பட்டறை பிழைப்பது இவற்றால்தான்.

2016-ல் நாங்கள் அந்த ஜெனரேட்டரை விற்றோம். வந்த காசோடு பேங்க் லோன் சேர்த்து ஒரு பழைய சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின், வாங்கினோம். இப்போது இரண்டு ஷிப்ட், ஏழு பேர்.