மண்ணின் காபன், சத்துச் சுழற்சியை ஆராய மலையகத்தில் வாய்ப்பு உண்டா, வெளிநாடுதான் போக வேண்டுமா?

நீங்கள் பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் புலமைப்பரிசில் தேடுகிறவர் என்று ஊகிக்கிறேன். வெளிநாடு போவதை நான் குறை கூறவில்லை. ஆனால் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பேராதனையில் விவசாய பீடமும் இருக்கும்போது, "மலையகத்தில் ஆராய என்ன இருக்கிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது, கொழுந்து பறித்தவரின் மகளான எனக்கு வலித்தது.

என் இளமாணி ஆய்வு கவ்வாத்து மலையில் நடந்தது. கவ்வாத்து என்று நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டும்போது விழும் இலையும் மிலாறு எனும் குச்சிகளும் அங்கேயே உக்கினால் சத்து மண்ணுக்குத் திரும்பும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புக்குப் போனால் காபனும் நைதரசனும் புகையோடு போய், பொட்டாசியம் சாம்பலில் தங்கும். விறகுக்கு வேறு வழியில்லாதவர்களை நான் குற்றம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நைலோன் வலைப் பைகளில் முள்முருங்கை இலையையும் மிலாறையும் தனித்தனியே நிறுத்து அடைத்து, நாற்பது பைகளைத் தேயிலை நிரைகளுக்கிடையே வைத்தேன். மூன்று மாதத்தில் முள்முருங்கை இலையில் நரம்பு மட்டுமே மிஞ்சியது. மிலாறு தோல்கூட உரியாமல் கிடந்தது. நைதரசன் குறைந்த குச்சியை உக்கவைக்கும் நுண்ணங்கிகள், தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், செடிக்கு அது சில காலம் கிடைக்காது. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டு முடியுமுன்பே நீக்கினார்களே, அப்போது சேதனப் பசளை எவ்வளவு வேகமாக நைதரசனை விடுவிக்கும் என்ற கேள்விக்கு மலைக்கு மலை விடை மாறும் என்பதை யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. அந்த விடைகளைத் தேடுவதே ஒருவரின் ஆயுளுக்குப் போதுமான ஆய்வு.

பெரிய ஆய்வகம் இல்லையே என்பீர்கள். பச்சைத் தேயிலைப் பையையும் றூயிபொஸ் என்னும் தென்னாபிரிக்க மூலிகைத் தேநீர்ப் பையையும் எட்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ தொண்ணூறு நாள் புதைத்து, உலர்த்தி நிறுத்து, உக்கும் வேகத்தைக் கணிக்கும் முறை 2013இலேயே வெளியாகிவிட்டது. தேவைப்படுவது ஒரு நல்ல தராசு.

அனுமதிக் கடிதத்துக்காகத் தோட்ட அலுவலக வாசலில் இரண்டு மாதம் நின்ற நான், புல் வெட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வலைப் பைகளில் பதினொன்றைக் குப்பை என்று பொறுக்கி எறிந்துவிட்டார்கள். "சொல்லியிருந்தா நாங்களே பாத்துக்கிட்டிருப்போமே, பிள்ள" என்றார் ஒரு அக்கா. இருபத்தொன்பது பைகளோடுதான் ஆய்வேட்டை எழுதினேன்.